வரப்பு நடை

தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து அறுபது மீட்டர் உயரம்கூட இல்லை. பெரிய கோயில் விமானமோ 216 அடி, ஏறத்தாழ 66 மீட்டர். ஊர் நிற்கும் உயரத்தைவிட ராஜராஜன் அடுக்கிய கல் உசத்தி. அதற்குத் தட்சிண மேரு என்று பேர். எங்கள் பக்கத்து மலை அது ஒன்றுதான். திருவையாற்றுக்கு அருகே நாலு ஏக்கர் வைத்திருக்கும் நான், ஐம்பத்திரண்டு வயதில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு, 5,364 மீட்டருக்கு, நடக்கக் கிளம்பினேன் என்றால் அதற்கு அக்கா மகன்தான் பொறுப்பு.

“சித்திரையில உங்களுக்கு என்ன மாமா வேலை? உளுந்து அடிச்சாச்சு. மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆகணும்.”

அவன் கணக்கு சரிதான். மறுநாளே மூன்று மலையேற்றக் கம்பெனிகளின் விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். விலை குறைந்ததைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தான்.

விதைநெல் வாங்கும்போது நீல அட்டை இருக்கிறதா என்று பார்ப்போம். சான்று விதைக்கு அதுதான் அடையாளம். நூற்றுக்கு எண்பதாவது முளைக்க வேண்டும் என்பது விதி. ஆனாலும் அப்பா மூட்டையைப் பிரித்து நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைப்பார். சில நாள் கழித்து விரித்து, முளை விட்டதை ஒவ்வொன்றாக எண்ணுவார். அதற்குப் பிறகுதான் நாற்றங்கால். மூன்று கம்பெனிக்கும் அரசுப் பதிவு இருந்தது. நீல அட்டை ஆயிற்று. ஈரச் சாக்கு பாக்கி.

மூன்று இடத்துக்கும் போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்டேன்: “நடுவழியில் எனக்கு முடியாமல் போனால்?”

முதல் ஆள் சிரித்தார். “ஒண்ணும் ஆகாது சார். மாத்திரை இருக்கு. ஹெலிகாப்டர் இருக்கு. இன்ஷூரன்ஸ் இருக்கு.” இரண்டாவது ஆள், “எங்ககூட வந்தவங்க ஒருத்தர்கூட பாதியில திரும்பினதில்லை” என்றார். அவர் பெருமையாகச் சொன்னதைக் கேட்டு எனக்கு வயிற்றைக் கலக்கியது. நூற்றுக்கு நூறும் முளைத்தது என்று எவனாவது சொன்னால் அப்பா மூட்டையையே தொடமாட்டார்.

மூன்றாவது இடத்தில் எடுத்த பெண், பதில் சொல்லாமல் என்னைக் கேள்வி கேட்டார். பிரஷர் உண்டா, சுகர் உண்டா, நிற்காமல் எவ்வளவு தூரம் நடப்பீர்கள், டாக்டர் சான்று தருவீர்களா? கடைசியில், “வழிகாட்டி இறங்கச் சொன்னால் இறங்கணும் சார். பணம் கட்டிட்டேன்னு வாதாடக் கூடாது. சம்மதமா?” என்றார். கூடவே துணை வழிகாட்டி ஒருவர் வருவார். ஒருவர் இறங்க நேர்ந்தால் மற்றவர்கள் நடையைத் தொடரலாம் என்றார்.

மூன்று பயணப் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விலை வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று புரிந்தது. நாட்களில். 3,000 மீட்டரைத் தாண்டினால் ஒவ்வோர் இரவும் படுக்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு. மூன்றாவது கம்பெனி நாம்சேயில் (3,440 மீட்டர்) இரண்டு இரவு, திங்போச்சேயில் (4,410 மீட்டர்) இரண்டு இரவு வைத்திருந்தது. மலிவான பட்டியலில் திங்போச்சே ஓய்வு நாளைக் காணோம். ஒரு நாள் குறைந்தால் அறை வாடகை, சோறு, சுமைகூலி எல்லாம் மிச்சம்.

மலிவுக்கு இன்னொரு வழியும் இருந்தது. லேசான தலைவலிக்காரரைக்கூட ஹெலிகாப்டரில் ஏற்றி, காப்பீட்டில் பெரும் பில் போட்டு, கமிஷனைப் பங்கிட்டுக்கொண்ட மோசடியை 2018-இல் நேபாள அரசின் விசாரணை வெளிக்கொண்டுவந்தது. முதல் ஆள் ஹெலிகாப்டரை அவ்வளவு உற்சாகமாகச் சொன்னது ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது.

அக்கா மகன் முணுமுணுத்தான். “மாமா, நடக்கப் போறோமா, பொண்ணு பார்க்கப் போறோமா?” நான் குரங்கணியைச் சொன்னேன். 2018 மார்ச் 11 அன்று அந்தத் தேனி மலைக்காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் வழியில் பனிப்புயலில் கர்நாடகத்தைச் சேர்ந்த ஒன்பது பேர் இறந்தார்கள். பிறகு அவன் பேசவில்லை. மூன்றாவது இடத்துக்கே பணம் கட்டினோம்.

எட்டாம் நாள், 4,940 மீட்டரில் லொபூச்சே. நேபாளத்தில் அண்ணனைத் ‘தாய்’ என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் வழிகாட்டியை நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அன்றிரவு தாய் என் தட்டைப் பார்த்தார். தினமும் இரண்டு முறை சோறு கேட்டு வாங்குகிறவன் பாதியை மிச்சம் வைத்திருந்தேன். “பசியில்லை” என்றேன். மண்டையைப் பிளக்கும் வலியைச் சொல்லவில்லை. விடியற்காலை வாந்தி எடுத்ததையும் மறைத்தேன்.

காலையில் வாசலில், ஊன்றுகோலால் மண்ணில் நீளமாக ஒரு கோடு கிழித்தார். ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி அதன்மேல் நடக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து வயதிலிருந்து தலையில் நாற்றுமுடியோடு வரப்பில் நடந்தவன் நான். மூன்றாவது எட்டில் இடப்பக்கம் சாய்ந்தேன். ஐந்தாவது எட்டில் தாய் என் தோளைப் பிடித்தார். வரப்பாக இருந்திருந்தால் சேற்றில் விழுந்திருப்பேன்.

தள்ளாட்டம் என்றால் மூளையில் நீர் கோக்கத் தொடங்குகிறது என்று அர்த்தம். அதற்கு முதல் மருந்து இறக்கம்தான். “இன்னும் ஒரே நாள்தானே?” என்று கெஞ்சினேன். அவர் என் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பேச்சு முடிந்துவிட்டது. அக்கா மகன் துணை வழிகாட்டியோடு மேலே போனான். தாய் கையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு என்னைப் பிடித்தபடி பெரிச்சேக்கு (4,370 மீட்டர்) இறங்கினார். வழியில் தெளியாவிட்டால் ஹெலிகாப்டர் என்று சொல்லியிருந்தார். தேவைப்படவில்லை. அங்கே ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் மருத்துவ மையத்தில் டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, “இவர் உங்களை மேலே கூட்டிப் போயிருந்தால் இந்நேரம் கதை வேறு” என்றார். சாயங்காலம் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

இறங்கும்போது அப்பர் நினைவாகவே இருந்தது. கயிலைக்கு நடந்து கால் தேய்ந்து, கையால் ஊர்ந்து, அதுவும் முடியாமல் உருண்டு போனவரை ஒரு கிழ முனிவர் வழிமறித்துத் திரும்பச் சொன்னார். அப்பர் மறுத்தார். கடைசியில் அங்கே ஒரு குளத்தில் மூழ்கி எங்கள் திருவையாற்றில் எழுந்தார். கயிலைக் காட்சி இங்கேயே கிடைத்தது. ஆடி அமாவாசைக்கு ஊரே அதைக் கொண்டாடுகிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதையில் நான் அப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழிமறித்தவரைப் பார்த்தது அன்றுதான்.

இந்த ஆடி அமாவாசையன்று கோயில் வாசலில் பக்கத்துத் தெருப் பையன் பிடித்துக்கொண்டான். டிசம்பரில் கேதார்காந்தா மலைக்கு நடக்கப் போகிறானாம். எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டான்.

“போன சீசன்ல யாரைத் திருப்பி அனுப்புனீங்க, ஏன்னு கேளு” என்றேன்.

“யாரையும் இல்லைன்னா?”

“அந்த மூட்டையைத் திருப்பிக் கட்டிடு.”

அவனுக்குப் புரியவில்லை. வயலுக்குக் கூட்டிப்போய் ஈரச் சாக்கை விரித்துக் காட்டினேன். சம்பாவுக்கு வாங்கிய விதை. நூற்றில் எண்பத்தாறு முளைத்திருந்தது.