மழைச்சாலைக்கு ஏற்ற டயர்



இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் எழுதிவரும் இந்தப் பக்கத்தில் இன்று மகிழுந்தின் டயரைப் பற்றி எழுதுகிறேன். வியப்பாக இருக்கலாம். ஆனால், நம் பள்ளிகளின் வாகன நிறுத்துமிடங்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள். முன்பு சிறிய மகிழுந்துகள் நின்ற இடங்களில் இன்று உயரமான 'கிராஸ்ஓவர்' வகை வண்டிகள் நிற்கின்றன. அவற்றுள் பல, வாங்கிய நாளில் வந்த டயர்களைத் தேய்த்து முடித்துவிட்டு அடுத்த நான்கு டயர்களுக்குக் காத்திருக்கின்றன. வண்டி வாங்கும்போது மாதக்கணக்கில் ஆராய்கிறோம், நண்பர்களைக் கேட்கிறோம். டயர் மாற்றும்போதோ கடைக்காரர் காட்டியதற்குத் தலையாட்டிவிட்டு அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறோம். அண்மையில் என் வண்டிக்கு நான்கு டயர்களையும் மாற்ற நேர்ந்தது. அதன்பொருட்டுப் படித்ததையும் சிந்தித்ததையும் இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

நான் வசிப்பது தைப்பிங்கில். தீபகற்ப மலேசியாவில் மிகுதியான மழை பெறும் நகரம் இது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டுவது இவ்வூராரின் பழைய பொழுதுபோக்கு என்று சொல்வார்கள். பள்ளியோ கோலகங்சார் பக்கம் இருக்கிறது. சங்காட் ஜெரிங், புக்கிட் கந்தாங் கடந்து, புக்கிட் பெராபிட் வளைவுகளில் ஏறி இறங்கி, பாடாங் ரெங்காஸ் வழியாக ஏறத்தாழ 35 கிலோமீட்டர் பயணம். என்னுடன் என் மகளும் இரண்டு இளம் ஆசிரியைகளும் வருகின்றனர். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். அதாவது, சரியாக நாம் பள்ளி முடிந்து வீடு திரும்பும் வேளையில்.

இந்தப் பின்னணியில்தான் 'ஆல் சீசன்' என்னும் பெயரை நோக்கவேண்டும். எல்லாப் பருவங்களுக்கும் ஏற்றது என்பது அதன் பொருள். கேட்பதற்கு இனிமையான பெயர். ஆனால், அந்தப் 'பருவங்கள்' எந்த நாட்டுப் பருவங்கள்? பனி பெய்யும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடைக்கு ஒரு டயர், குளிர்காலத்துக்கு ஒரு டயர் என்று ஆண்டுக்கு இருமுறை மாற்றும் வழக்கம் உண்டு. கோடை டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கிப் பிடிமானத்தை இழக்கும். குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் நெகிழ்ந்து கொடுக்கும். வெயிலில் விரைந்து தேயும். இவ்விரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட ஓர் உடன்பாடே ஆல் சீசன் டயர். அந்நாட்டினருக்கு அது பயனுள்ள உடன்பாடு.

நமக்கு? நம் சமவெளியில் வெப்பநிலை 7 பாகைக்கு அருகில்கூட வருவதில்லை. கேமரன் மலைக்கு உல்லாசப் பயணம் போனாலும் இரவில் 15 பாகை அளவுக்குக் குளிரும், அவ்வளவே. வராத பனிக்காக ரப்பரின் குணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பானேன்? நம் நாட்டில் பருவம் ஒன்றுதான்; அதற்கு வெயில், மழை என இரண்டு முகங்கள். நமக்கு வேண்டியது வெயிலில் உருக்குலையாத, மழையில் வழுக்காத டயர்.

சில டயர்களின் பக்கச்சுவரில் 'எம் + எஸ்' என்ற எழுத்துகள் இருக்கும். மண்ணையும் பனியையும் குறிக்கும் எழுத்துகள் இவை; பெரும்பாலும் பள்ளங்களின் வடிவமைப்பைப் பற்றியவை. மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் வரைந்த சின்னம் வேறு. 1999ஆம் ஆண்டில் அறிமுகமான அச்சின்னத்தைப் பெற டயர் பனியில் சோதனைக்கு உட்படவேண்டும். இரண்டுமே நம் மழைச்சாலையில் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைச் சொல்வதில்லை.

அதைச் சொல்லும் குறிப்புகள் வேறு உள்ளன. அவையும் பெரும்பாலும் டயரின் மேலேயே எழுதப்பட்டிருக்கின்றன. நாம்தான் படிப்பதில்லை. மாணவர்களுக்குக் கருத்துணர்தல் கற்பிக்கும் நமக்கு இது கடினமான பனுவல் அன்று.

முதலில் அளவு. என் வண்டியின் டயரில் '215/55 ஆர் 17 94 வி' என்று இருக்கும். டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 118 மில்லிமீட்டர். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 94 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 670 கிலோகிராம் தாங்கும் என்று பொருள். 'வி' என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரையிலான வேகத் தகுதி. அந்த வேகத்தில் நாம் போகப்போவதில்லை. ஆயினும் வண்டியைச் செய்தவர்கள் வகுத்த சுமைத் தகுதியிலிருந்தும் வேகத் தகுதியிலிருந்தும் கீழே இறங்கக் கூடாது. சுமைக் குறியீடு 91 என்றால் 615 கிலோகிராம்தான். கிராஸ்ஓவர் வண்டி உயரமானது. ஆட்களும் புத்தகப் பைகளும் ஏறினால் கனமும் கூடும்.

தோற்றத்திற்காக இதைவிடப் பெரிய டயரைப் பொருத்துவோரும் உண்டு. 225/60 ஆர் 17 போட்டால் விட்டம் 5 விழுக்காடு கூடும். வேகமானி 100 என்று காட்டும்போது வண்டி உண்மையில் முன்பைவிட 5 விழுக்காடு கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது பிறந்த நாள். 'டி.ஓ.டி.' என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 1122 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 11ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. இது டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் முழுமையாக இருக்கலாம், மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் மூப்படையும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், பத்து ஆண்டுகளில் தேயாவிட்டாலும் மாற்றவும் தயாரிப்பாளர்கள் பலர் அறிவுறுத்துகின்றனர்.

மூன்றாவது, அமெரிக்கத் தர எண்கள். நம் கடைகளில் விற்கும் டயர்கள் பலவற்றிலும் இவை பொறிக்கப்பட்டிருக்கும். தேய்மான எண் 100 என்பது ஒப்பீட்டு டயருக்கு உரியது. 400 என்றால் சோதனையில் அதைப்போல் நான்கு மடங்கு உழைக்கும் என்று பொருள். இந்த எண்ணைத் தயாரிப்பாளரே வழங்குவதால் ஒரு நிறுவனத்தின் 400ஐ மற்றொரு நிறுவனத்தின் 400உடன் அப்படியே ஒப்பிட இயலாது. அதன் அருகே 'டிராக்‌ஷன்' என்ற சொல்லுக்குப் பின் ஏஏ, ஏ, பி, சி என்ற எழுத்துகளுள் ஒன்று இருக்கும். ஈரத் தரையில் நேர்க்கோட்டில் பிரேக் பிடிக்கும் திறனை இது காட்டுகிறது. மூன்றாவதாக, வெப்பத்தைத் தாங்கும் திறன். இதில் 'ஏ' சிறந்தது. ஐரோப்பாவிலும் விற்கப்படும் டயராயின், அங்கு 2012 முதல் நடப்பில் உள்ள தரச்சீட்டையும் இணையத்தில் பார்க்கலாம். 2021இல் திருத்தப்பட்ட அச்சீட்டில் ஈரப் பிடிமானம் 'ஏ' முதல் 'இ' வரை தரப்படுத்தப்படுகிறது. அளவுக்கு அளவு தரம் மாறக்கூடும் என்பதால் நம் அளவைத் தேடிப் பார்ப்பதே முறை.

இவ்வளவும் படித்துக்கொண்டுதான் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் நடுத்தர வயதுச் சீனர். விலையைச் சொல்வதற்கு முன் மலாயில் ஒரு கேள்வி கேட்டார்: "சிக்கு, தினமும் எந்த வழியாகப் போகிறீர்கள்?" புக்கிட் பெராபிட் வழியாக என்றேன். கையில் எடுத்த டயரை மீண்டும் அடுக்கில் வைத்துவிட்டு வேறொன்றை உருட்டி வந்தார். நல்ல மருத்துவர் நோயாளியின் வேலையை முதலில் கேட்பதைப் போன்றது அது.

மூன்று டயர்களை ஒப்பிட்டேன். முதலாவது 310 வெள்ளி. தேய்மான எண் 500, ஈரத் தரம் 'பி'. இரண்டாவது 390 வெள்ளி; ஆல் சீசன் வகை, தேய்மான எண் 600, ஈரத் தரம் 'ஏ'. மூன்றாவது 440 வெள்ளி. தேய்மான எண் 340தான், ஆனால் ஈரத் தரம் 'ஏஏ', செய்து நான்கு மாதமே ஆகியிருந்தது.

நீண்ட உழைப்பும் ஈரப் பிடிமானமும் ஒன்றையொன்று இழுக்கும் இயல்புடையவை. டயர் என்பது வெறும் ரப்பர் அன்று. நம் தோட்டங்களில் வெட்டிய பாலும், செயற்கை ரப்பரும், கரித்தூளும், சிலிக்காவும் சேர்ந்த கலவை. 1990களில் பரவலான சிலிக்கா, ஈரப் பிடிமானத்தைப் பெரிதும் உயர்த்தியது. எனினும் சாலையை இறுகப் பற்றும் கலவை பொதுவாகத் தன்னையும் சிறிது கூடுதலாகத் தேய்த்துக்கொள்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலாவது 60,000 கிலோமீட்டர் ஓடும் என்றும், மூன்றாவது 45,000தான் ஓடும் என்றும் கொள்வோம். கிலோமீட்டருக்கு முன்னதற்கு ஏறத்தாழ 2.1 சென், பின்னதற்கு 3.9 சென். 35 கிலோமீட்டர் பயணத்திற்கு வேறுபாடு ஏறத்தாழ 65 சென். வண்டியில் இருக்கும் நால்வருக்குப் பங்கிட்டால் தலைக்கு 16 சென். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையின் ஒரு கறிபாப் அதைவிட விலை கூடியது. மூன்றாவதையே வாங்கினேன். 1,760 வெள்ளியை மொத்தமாக எடுத்து வைப்பது ஆசிரியர் குடும்பத்திற்கு எளிதன்று என்பதையும் மறைக்கவில்லை. ஆண்டு இறுதிப் பயணம் ஒன்றை ஒத்திவைத்தோம்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நான்கு டயர்களும் சாலையைத் தொடும் இடம் ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவுதான். மணிக்கு 90 கிலோமீட்டரில் வண்டி ஒரு விநாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் கருவி ஆகிய அனைத்தும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே வேலை செய்யவேண்டும். இல்லாத பிடிமானத்தை எந்தக் கருவியாலும் உண்டாக்க முடியாது. பள்ளங்கள் ஆழமிழந்தால் தேங்கிய நீரை வெளியேற்ற இயலாமல் டயர் நீரின்மேல் மிதக்கும். அப்போது திசைமாற்றியைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

ஆகவே, பள்ளத்தினுள் இருக்கும் தேய்மானக் குறியை அடிக்கடி கவனியுங்கள். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த அளவுக்குத் தேய்வதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மழை மிகுந்த ஊரில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றத் திட்டமிடுவது நல்லது என்பது என் கருத்து.

நான்கையும் ஒருசேர வாங்க இயலாதவர்கள் இரண்டு வாங்குவதில் தவறில்லை. ஆனால், புதிய இரண்டையும் பின்சக்கரங்களில் பொருத்தச் சொல்லுங்கள். முன்சக்கரங்கள்தாமே வண்டியை இழுக்கின்றன, புதியவை அங்கே இருக்கட்டும் என்று பலர் எண்ணுவர். முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகச் செல்ல முற்படும். வேகத்தைக் குறைத்து மீட்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், மீட்பது அரிது.

செலவே இல்லாத ஒரு காரியமும் உண்டு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் காற்றழுத்த அளவு இருக்கும். மாதம் ஒருமுறை, டயர் சூடேறாத காலை வேளையில் அதன்படி சரிபார்த்தால், விலை கொடுத்து வாங்கிய பிடிமானம் வீணாகாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வார இறுதியில் பிள்ளைகளை அழைத்து உங்கள் வண்டியின் டயரைப் படிக்கச் சொல்லுங்கள். அகலத்தில் விழுக்காட்டைக் கண்டு, விட்டத்தைக் கணக்கிட்டு, ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் எத்தனை முறை சுழலும் என்று காணட்டும். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. என் வண்டிக்கு விடை ஏறத்தாழ 476. பிறகு அந்த நான்கு எண்களைக் கண்டுபிடித்து, டயரின் வயதைச் சொல்லச் சொல்லுங்கள். வரும் விடையைக் கேட்டபின், மழைக்காலத்திற்கு முன் கடைக்குப் போவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.