அடுத்த சுற்றுக்கு முன்னால்

அடி அண்ணாமலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுவது. உன் பிள்ளை குட்டி இங்கே நன்றாக இருக்கிறான், கவலைப்படாதே. நேற்று பௌர்ணமி. விடிய விடிய கிரிவலக் கூட்டம். பெரியப்பாவோடு வாசலில் நின்று எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தான். ராத்திரி இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அவன் டவுசரை ஊறவைக்கப் போனபோது பையில் ஒரு தாள் இருந்தது. செஸ் போட்டியில் காய் நகர்த்துவதை எழுதுவார்களே, அது. ஆரம்பத்தில் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, போகப்போகக் கிறுக்கல். கடைசி வரியில் பென்சில் அழுந்தித் தாளே கிழிந்திருக்கிறது. தோற்ற ஆட்டத்தைத் தூக்கி எறியாமல் மடித்து வைத்திருக்கிறான் பார்! எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

மெல்லக் கேட்டேன். இரண்டாவது சுற்றில் தோற்று வெளியே வந்ததும், "இதுக்கா இவ்வளவு பணம் கட்டினோம்"னு சொன்னாயாமே? அதற்கப்புறம் ஒரு ஆட்டம்கூட ஓடவில்லையாம். ஏன்டி அப்படிச் சொன்னாய்? கோச்சிங், என்ட்ரி ஃபீஸ், உன் லீவு என்று நீ படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் போட்டியில் ஒரு ஆட்டம் தோற்றால் வெளியே அனுப்புவதில்லை. அதே புள்ளி வைத்திருக்கிற இன்னொருவனோடு அடுத்த சுற்றில் உட்காரவைப்பார்கள். எதிரே வருகிறவனும் பெரும்பாலும் எங்கேயோ தோற்றுவிட்டு வந்த பிள்ளைதான். நடுவில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மனசு தெளிந்து போனால் போதும். அந்த நேரம் உன் கையில் இருக்கிறது.

2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்கு இவனைக் கூட்டிக்கொண்டு போனாயே, ஞாபகம் இருக்கிறதா? குகேஷுக்கு அப்போது 16 வயது. வரிசையாக 8 ஆட்டம் ஜெயித்த பிள்ளை, 10-வது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவிடம் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைத் தோற்றான். மறுநாளே ஜெர்மனிக்கு எதிராக வந்து உட்கார்ந்து டிரா செய்தான். அணிக்கு வெண்கலம், முதல் போர்டில் அவனுக்குத் தங்கம். 2024-ல் சிங்கப்பூரில் டிங் லிரனோடு உலகப் பட்டத்துக்கு ஆடும்போதும் முதல் ஆட்டமே தோல்வி. 12-வதும் தோல்வி. 14-வதில்தான் பட்டம் வந்தது. இதெல்லாம் உனக்காகச் சொல்கிறேன். குட்டியிடம் போய் "குகேஷைப் பாரு" என்று ஆரம்பித்துவிடாதே. அது இன்னொரு சுமை.

நீ ஆறாவது படிக்கும்போது ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்து தேம்பினாயே. அப்பா ஒரு வார்த்தை கேட்காமல் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் போண்டா வாங்கிக் கொடுத்தார். அது போதும். நீயும் கேட்டில் நின்று "ஜெயிச்சியா?" என்று கேட்காதே, தண்ணீர் கொடு. அவனாகச் சொல்வான். அழுதால் அழட்டும். "பரவாயில்லை விடு" என்றும் சொல்லாதே, அவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. எங்கே தப்பு என்பதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே பெரியப்பா வேண்டுமென்றே தோற்பதில்லை. தன் குதிரை ஒன்றை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு ஆடுகிறார். அப்படியும் சில ஆட்டம் குட்டி தோற்கிறான். முந்தாநாள் கோபத்தில் காய்களை வீசினான். "அழுடா, ஆனா காயை வீசக் கூடாது. பொறுக்கி வச்சுட்டுக் கை கொடு" என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கட்டிலுக்கடியில் தவழ்ந்து பொறுக்கினான். கையும் கொடுத்தான். இன்று காலையில் அவனே பலகையை எடுத்து வந்தான்.

அடுத்த மாதம் வேலூர் போட்டிக்கு அவனைக் கண்டிப்பாக அனுப்பு. நானும் வருகிறேன், தயிர்சாதம் கட்டிக்கொண்டு. சனிக்கிழமை வரும்போது அவனுடைய செஸ் கடிகாரத்தை மறக்காமல் எடுத்து வா, பெரியப்பா கேட்கிறார்.

உன் அக்கா