முனிர்க்காவில் ஆப்பிரிக்கா

டில்லியில் குடியேறிய தமிழன்பர்களுக்கு ஆர்.கே.புரம் என்றதும் உள்ளத்தில் தோன்றுவன சில உண்டு. டில்லித் தமிழ்ச் சங்கத்தின் கட்டடம் ஒன்று. குன்றின்மீது சுவாமிநாதன் எழுந்தருளியிருக்கும் மலை மந்திர் மற்றொன்று. நம் சிறுவர் சிறுமியர் பயிலும் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி பிறிதொன்று. இவற்றுடன் காபிப் பொடியும் முருங்கைக்காயும் விற்கும் கடைகளையும் சேர்த்துக்கொண்டால் நம் உலகம் ஏறக்குறைய நிறைவு பெற்றுவிடும். இவ்விடத்தில் ஆப்பிரிக்காவைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே.

ஆயினும் நம் குடியிருப்பின் கீழ்ப்புறமாகச் செல்லும் பெருஞ்சாலைக்கு ஆப்பிரிக்கா அவென்யூ என்றே பெயர். தெற்கே முனிர்க்காவைக் கடந்து வசந்த் குஞ்ச் நோக்கிச் செல்வோர் நெல்சன் மண்டேலா மார்க்கின் வழியே செல்கின்றனர். ஹௌஸ் காஸ் பக்கத்தில் வெளிவட்டச் சாலையின் ஒரு பகுதி எகிப்து நாட்டின் நாசர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நாள்தோறும் இப்பெயர்ப் பலகைகளின் கீழே பேருந்துக்குக் காத்து நிற்கிறோம். அவற்றை நின்று படிப்பதில்லை.

பெயர்கள் பலகையோடு நின்றுவிடவும் இல்லை. முதலாம் செக்டாரின் கிழக்குத் தொகுதிக் கட்டடங்களுள் ஒன்றில் வெளிநாட்டினர் பதிவு அலுவலகம் அமைந்திருப்பதைப் பலரும் அறிவர். 2018 முதல் அவ்வலுவலகத்தின் காரியங்கள் பல இணையவழியாயின. அதற்கு முன்னர், கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு விடியற்காலையிலேயே அங்கு வரிசையில் நின்றவர்களுள் ஆப்பிரிக்க மாணவர்கள் பலர் இருந்தனர். முனிர்க்கா கிராமத்தின் குறுகிய சந்துகளில், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவரிடையே, இன்றும் அவர்களைக் காணலாம்.

அடியேன் ரயில்வேயில் எழுத்தராகப் பணி புரிபவன். மெட்ரிகுலேஷனுக்கு மேல் படிக்கும் வாய்ப்புப் பெறாதவன். ஆதலின் கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து வருவோரைக் காணுந்தோறும் உள்ளத்தில் ஒரு மதிப்பு எழுகின்றது. இவர்கள் எதற்காக இங்கு வருகின்றனர், எவ்வாறு வருகின்றனர் என்பதை அறியும் ஆவலால் திரட்டிய செய்திகளை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இவ்வரவு நேற்றுத் தொடங்கியதன்று. மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1950-ஆம் ஆண்டில் இந்தியப் பண்பாட்டுத் தொடர்புக் கழகத்தை நிறுவினார். அக்கழகம் வழங்கும் உதவித்தொகையைப் பெற்று ஆப்பிரிக்க மாணவர் பல தலைமுறையாக இந்நாட்டுக் கல்லூரிகளில் பயின்று வருகின்றனர். 1955-ஆம் ஆண்டில் டில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கவியல் துறை தோன்றிற்று. அக்கண்டத்தின் நாடுகளுட் பல அன்று விடுதலை பெற்றிருக்கவில்லை என்பதை நினைத்தால், அம்முயற்சியின் தொலைநோக்குப் புலனாகும். 2015-ஆம் ஆண்டு அக்டோபரில் புதுடில்லியில் நடைபெற்ற இந்திய-ஆப்பிரிக்க மாநாட்டில், ஐந்தாண்டுகளில் 50,000 உதவித்தொகைகள் வழங்கப்படும் என்று நம் அரசு அறிவித்தது.

அவ்வாறு வந்து கற்றுத் திரும்பியோர் என்னவாயினர்? மலாவி நாட்டிலிருந்து 1960-களில் வந்த இளைஞர் ஒருவர் டில்லியில் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியிலும் டில்லிப் பொருளியல் பள்ளியிலும் பயின்றார். பிங்கு வா முத்தாரிகா என்னும் அவர், 2004 முதல் 2012-இல் மறையும் வரை தம் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கினார். நம் தமிழ்நாட்டின் நீலகிரியிலுள்ள வெல்லிங்டன் இராணுவக் கல்லூரியில் 1965-ஆம் ஆண்டில் பயின்ற நைஜீரிய அதிகாரி ஒலுசெகுன் ஒபசாஞ்சோ. 1973-ஆம் ஆண்டில் பயின்றவர் முகம்மது புஹாரி. இவ்விருவரும் பிற்காலத்தில் நைஜீரியாவின் ஆட்சித் தலைவர்களாயினர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் பற்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் மலை ரயிலுக்கு வெல்லிங்டனில் ஒரு நிலையம் உண்டு. அச்சிறு நிலையத்தின் அருகே படித்த இருவர் பெருநாடொன்றை ஆண்டனர் என்பது ரயில்வே ஊழியனாகிய எனக்குப் பெருமையளிக்கும் செய்தி.

இனி மறுதிசைப் பயணத்தை நோக்குவோம். நம்மவர் ஆப்பிரிக்காவுக்குச் சென்றது முதலில் கல்விக்காக அன்று, உழைப்புக்காக. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற் கூட்டத்தினர் அதில் இருந்தனர். 1896 முதல் 1901 வரை மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரை இருப்புப்பாதை அமைக்க ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர் சென்றனர். அவர்களுட் பெரும்பாலோர் பஞ்சாப் பகுதியினர். ஏறத்தாழ 2,500 பேர் அவ்வேலையில் உயிர் நீத்தனர்.

அந்தக் கடல்வழியில் இன்று வேறொரு பயணம் தொடங்கியிருக்கின்றது. 2023-ஆம் ஆண்டு ஜூலையில், சான்சிபார் தீவின் தலைவர் ஹுசேன் அலி ம்வின்யியும் நம் வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கரும் முன்னிலை வகிக்க, சென்னை ஐ.ஐ.டி.யின் கிளையை அங்கு நிறுவும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவ்வாண்டு அக்டோபரிலேயே வகுப்புகள் தொடங்கின. இந்திய ஐ.ஐ.டி. ஒன்று வெளிநாட்டில் கிளை தொடங்கியது இதுவே முதல் முறை. தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் முதற் பாடங்கள். இளநிலைப் படிப்புக்கு 50 இடங்களும் முதுநிலைப் படிப்புக்கு 20 இடங்களும் அறிவிக்கப்பட்டன. அக்கிளையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற பிரீத்தி அகலாயம், ஐ.ஐ.டி. ஒன்றின் தலைமையை ஏற்ற முதற் பெண்மணியாவார். ஒரு காலத்தில் அடிமைச் சந்தை நடந்த தீவு சான்சிபார். 1873-ஆம் ஆண்டில் மூடப்பட்ட அச்சந்தையின் இடத்தில் இன்று ஒரு தேவாலயம் நிற்கின்றது. மனிதரை விற்ற தீவில் நம் சென்னை ஆசிரியர் பாடம் சொல்லித் தருகின்றனர் என்பது எளிய செய்தியன்று.

வெளிநாட்டுக் கல்வி என்றதும் நம் வீடுகளில் அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா என்று மூன்று பெயர்களே வழங்குகின்றன. ஆனால் அந்த அமெரிக்காவின் கல்லூரிகளே தம் மாணவரைக் கானாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ஒரு பருவம் படித்து வருமாறு அனுப்புகின்றன. அம்மாணவருட் கறுப்பினத்தவர் கானாவின் கேப் கோஸ்ட், எல்மினா கோட்டைகளுக்குச் சென்று, தம் முன்னோர் விலங்கிடப்பட்டுக் கப்பலேற்றப்பட்ட நிலவறைகளில் நின்று வருகின்றனர். அது சுற்றுலாவன்று, தம் குடும்பத்தின் வரலாற்றைத் தாமே படித்தல்.

நமக்கும் அத்தகைய இடங்கள் உள்ளன. மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயிஸ் நகரில் ஒப்பந்தக் கூலிகள் கரையேறிய ஆப்பிரவாசி காட் 2006-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அந்நாட்டின் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் தமிழும் கற்பிக்கப்படுகின்றது. தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை அறியாத தமிழ்க் குழந்தை அரிது. ஆனால் அவர் பிறந்தது தில்லையாடியில் அன்று, ஜோகன்னஸ்பர்க்கில் என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? சிறையிலிருந்து விடுபட்டபின் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் நீத்த அச்சிறுமியின் கல்லறையும் அந்நகரிலேயே உள்ளது. நம் பிள்ளைகள் படிக்க வேண்டிய வரலாற்றின் ஒரு பகுதி ஆப்பிரிக்க மண்ணிற் கிடக்கின்றது.

சென்ற ஆண்டு முனிர்க்காத் தேநீர்க் கடையொன்றில் தான்சானியா நாட்டு மாணவர் ஒருவருடன் உரையாடும் வாய்ப்புக் கிட்டிற்று. நான் ரயில்வே ஊழியன் என்று அறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. சுவாஹிலி மொழியில் ரயிலுக்குக் ‘காரி லா மோஷி’ என்று பெயர் என்றார். ‘காரி’ என்றால் வண்டி. ‘மோஷி’ என்றால் புகை. நம் பாட்டிமார் ‘புகைவண்டி’ என்று சொன்னதும் இதுவே அன்றோ! ‘காரி’ என்னும் அச்சொல்லும் இந்தியாவிலிருந்து சென்றதே. சப்பாத்திக்கு அங்கும் சப்பாத்தியே. இலட்சத்துக்கு ‘லாக்கி’ என்று பெயர். ஒரு குவளைத் தேநீர் தீருமுன் இந்துமாக் கடல் சுருங்கிப் போயிற்று.

பின்னர், குடியிருக்க இடம் கிடைத்த கதையை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஏழு வீடுகளில் ‘இடமில்லை’ என்ற சொல்லைக் கேட்டபின் எட்டாவது வீட்டில் மாடி அறை கிடைத்ததாம். வாடகையோ பக்கத்து அறையினும் கூடுதலாம். எந்த நாட்டவர் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் அவரை நைஜீரியாக்காரர் என்றே கொண்டனர். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது வாடகையோடு முடியும் செய்தியுமன்று. 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில், நமக்கு அண்மையிலுள்ள வசந்த் குஞ்சில், காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் ஆட்டோ ரிக்ஷாவுக்காக எழுந்த சச்சரவில் அடித்துக் கொல்லப்பட்டார். அதனால் மனம் நொந்த ஆப்பிரிக்கத் தூதர்கள், அவ்வாண்டு ஆப்பிரிக்க தின விழாவில் கலந்துகொள்வதில்லை என்று கருதும் அளவுக்குச் சென்றனர். 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர் தாக்கப்பட்டனர். கல்வி தேடி வந்த பிள்ளையின் உடல் பெட்டியில் திரும்புமாயின், அத்தாயிடம் நம் நாட்டு உதவித்தொகையைப் பற்றி எடுத்துரைக்க எவருக்கு வாய் வரும்?

நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கிய 1976-க்கு முன்னர், ஜி.டி. எக்ஸ்பிரஸில் டிரங்குப் பெட்டியுடன் வந்திறங்கியோர் பலர். தமிழரா, தெலுங்கரா, கன்னடியரா, மலையாளியா என்று அவர்களைக் கேட்டவர் யார்? எல்லோரும் ‘மதராஸி’ என்ற ஒரே பெயருள் அடங்கினர். நம் கல்விக் கழகமே தொடக்கத்தில் மதராஸி கல்விச் சங்கம் என்ற பெயரைத்தான் தாங்கியிருந்தது. நம் சமையலின் தாளித வாசனை பிடிக்கவில்லை என்று அறை தர மறுத்தோர் உண்டு. நம் நிறத்தைக் குறித்து நகைத்தோரும் உண்டு. 54 நாடுகள் கொண்ட கண்டத்து மக்களை ஒரே பெயரால் அழைக்கும் வழக்கத்தின் கசப்பை நம்மைப் போல் அறிந்தவர் இந்நகரில் வேறு எவர்?

ஆயினும் அன்று நமக்குக் கதவு திறந்தவர்களும் இருந்தனர். ஏற்கெனவே குவார்ட்டர்ஸ் பெற்றிருந்த ஊர்க்காரர் ஒருவர் முன்னறையில் பாய் விரித்துக் கொடுத்தார். பஞ்சாபி வீட்டு அம்மையார் ஒருவர் முதல் மாத வாடகைக்குத் தவணை கொடுத்தார். அவ்விரு வகை மனிதரும் இல்லாதிருந்தால் தலைநகரில் நம் சங்கமும் இல்லை, பள்ளியும் இல்லை. ஆப்பிரிக்க மாணவருக்கு இங்கே பாய் விரிக்கும் ஊர்க்காரர் அரியர். ஆதலின் அந்தப் பஞ்சாபி அம்மையாரின் இடத்தில் இன்று நாம் நிற்கின்றோம்.

அரசு தரும் உதவித்தொகை மாணவனை டில்லி விமான நிலையம் வரையில் கொணர்ந்து சேர்க்கும். அவன் இந்தியாவைப் பற்றி என்ன எண்ணத்துடன் ஊர் திரும்புவான் என்பதை அவன் குடியிருந்த தெருவே தீர்மானிக்கும். அவன் நாளை ஒரு நாட்டை ஆளலாம். ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியனாகவும் அமரலாம். இருவரும் தம் நாட்டுக் குழந்தைகளிடம் நம்மைப் பற்றிப் பேசுவர்.

ஆகவே அன்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள். வாடகைக்கு அறை விடும் வசதியுடையோர், வருபவரின் பாஸ்போர்ட்டையும் விசாவையும் கல்லூரிக் கடிதத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அது செய்யக்கூடிய காரியமே. பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் பிள்ளைகளை உடைய பெற்றோர், வெளிநாட்டுக் கல்லூரிகளின் பட்டியலை எடுக்கும்போது சான்சிபாரின் பெயரையும் அதில் எழுதுங்கள். வரும் பொங்கலன்று, நம் தெருவில் குடியிருக்கும் ஆப்பிரிக்க மாணவர் ஒருவரையேனும் இல்லத்துக்கு அழைத்துச் சர்க்கரைப் பொங்கல் படையுங்கள். முதலில் அவர் பெயரையும், பின்னர் அவர் நாட்டின் பெயரையும் கேளுங்கள்.