மூதாதையர் பட்டியல்

மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் பலரும் விரைந்து கடந்துவிடுவர். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் அதைத் திருப்பலியில் வாசிக்க நேர்ந்தால், வாசிப்பவர் பெயர்களில் இடறுவார். கேட்பவர்கள் இருந்த இடத்தில் நெளிவார்கள். எனக்கோ அந்தப் பட்டியல் மிகவும் பிடிக்கும். அதில் வரும் தாவீதின் துணைவி தம் பெயரால் குறிக்கப்படவில்லை; உரியாவின் மனைவி என்றே குறிக்கப்படுகிறார். உரியா யார்? அரசன் ஆணையால் போர்முனையில் முன்னே நிறுத்தப்பட்டு மடிந்த படைவீரன். அந்தத் தலைமுறைகளில் எவருக்கும் அவன் தந்தையல்லன். ஆயினும் அவன் பெயர் அங்கே நிலைத்துவிட்டது. பட்டியலின் கடைசியில் வரும் யோசேப்பும் குருதியால் தந்தையல்லர். பெயரையும் வீட்டையும் தந்தவர்.

இத்தகைய பட்டியல் ஒன்று ஐரோப்பிய உழவர் குடும்பம் ஒன்றுக்கும் உண்டு. மேல் ஆஸ்திரிய மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், சால்சாக் ஆற்றங்கரையில், புனித ரடெகுண்டு என்று ஒரு சிற்றூர். ஆற்றுக்கு அக்கரையில் செருமனியின் பவேரியா. ஹிட்லர் பிறந்த பிரவுனவ் நகரம் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. இந்த ஊரின் உழவர் ஃப்ரான்ட்ஸ் யேகர்ஷ்டேட்டர், ஹிட்லரின் படையில் பணிபுரிய மறுத்து 1943-இல் தலைவெட்டுண்டு இறந்தார். 2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் நகரில் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அந்த மறுப்பிலிருந்தே தொடங்குகின்றனர். 2019-இல் வெளிவந்த திரைப்படமும் அவருடைய மணவாழ்விலிருந்தே கதையை எடுத்துக்கொள்கிறது. எனக்கு அவருடைய தாயிடமிருந்து தொடங்கத் தோன்றுகிறது.

தாய் ரோசாலியா ஹூபர், பண்ணைப் பணிப்பெண். தந்தை ஃப்ரான்ட்ஸ் பாக்மாயர். மணம் முடித்துக் குடித்தனம் நடத்தும் வசதி இருவருக்கும் இல்லை. நிலமற்ற பணியாளர்களுக்குத் திருமணமே எட்டாக் கனியாக இருந்த நாட்டுப்புறம் அது. 1907 மே 20 அன்று குழந்தை பிறந்தது. வேலைக்குப் போக வேண்டிய தாய் குழந்தையைத் தன் தாய் எலிசபெத் ஹூபரிடம் விட்டாள். அந்தப் பாட்டியின் மடியில்தான் சிறுவன் செபிக்கக் கற்றான். முதல் உலகப் போர் வந்தது. 1915-இல் பாக்மாயர் படைவீரராக மடிந்தார். மகனுக்கு அப்போது எட்டு வயது. தந்தை என்று ஊரறிய அழைக்க இயலாத ஒருவருக்காக அந்தச் சிறுவன் எப்படி அழுதிருப்பான்? தகப்பன் பெயரைக் கேட்டுக் குழந்தையை நாணவைக்கும் பழக்கம் நம் ஊர்களிலும் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1917-இல் ஹைன்ரிக் யேகர்ஷ்டேட்டர் என்னும் உழவர் ரோசாலியாவை மணந்தார். மணந்ததோடு நில்லாமல் சிறுவனையும் தம் மகனாக ஏற்றுத் தம் பெயரை அளித்தார். ஹூபராய் இருந்தவன் யேகர்ஷ்டேட்டர் ஆனான். நிலமற்ற குடியில் பிறந்தவனுக்கு ஒரு பண்ணை வீடும், ஏர் பூட்ட நிலமும், அலமாரியில் நூல்கள் வைத்திருந்த ஒரு தாத்தாவும் கிடைத்தனர். ஹைன்ரிக்கைப் பற்றி வரலாறு அதிகம் பேசவில்லை. அவரை எண்ணும்போதெல்லாம் எனக்கு நாசரேத்தூர்த் தச்சர்தாம் நினைவுக்கு வருகிறார்.

வளர்ந்த இளைஞன் உடனே புனிதனாகிவிடவில்லை. 1927 முதல் 1930 வரை ஐசெனெர்ட்ஸ் இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்தான். பின்னர் ஊரிலேயே முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவனும் அவனே. 1933-இல் ஹைன்ரிக் இறக்க, பண்ணை ஃப்ரான்ட்ஸ் கைக்கு வந்தது. அதே ஆண்டு, மணமாகாமலேயே அவருக்கு ஹில்டெகார்ட் என்னும் மகள் பிறந்தாள். தம் பிறப்பின் கதை தம் மகளிடத்தில் திரும்பி வந்ததை அவர் உணராமல் இருந்திருக்க முடியுமா? அவர் அவளை மறுதலிக்கவில்லை. பிற்பாடு மனைவியோடு சேர்ந்து அவளைத் தம் வீட்டிலேயே வளர்க்கவும் முன்வந்தார். பெற்றவள் வீட்டார் இசையவில்லை.

1936 ஏப்ரல் 9, பெரிய வியாழனன்று, ஃப்ரான்சிஸ்கா ஷ்வானிங்கரை மணந்தார். புதுமணத் தம்பதியர் உரோமைக்குச் சென்று திரும்பினர். ரோசாலியா, மரியா, அலோய்சியா என மூன்று பெண் குழந்தைகள். மூத்தவளுக்குப் பாட்டியின் பெயர். ஃப்ரான்சிஸ்கா வந்தபின் அவர் வாழ்க்கை நாள்தோறும் திருப்பலி, விவிலிய வாசிப்பு என்று ஆழப்பட்டது. 1938 ஏப்ரலில், ஆஸ்திரியாவைச் செருமனியோடு இணைத்ததற்கு இசைவு கேட்டு நடந்த வாக்கெடுப்பில், அந்த ஊரில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே.

படை அவரை மும்முறை அழைத்தது. 1940 ஜூனில் பிரவுனவில் சேர்ந்தார். ஊர்த் தலைவர் தலையிட்டுச் சில நாட்களில் மீட்டுக்கொண்டு வந்தார். அக்டோபரில் மீண்டும் அழைப்பு. என்ஸ் நகரில் வண்டியோட்டியாகப் பயிற்சி பெற்றார். அங்கேயே, டிசம்பர் 8 அன்று, புனித பிரான்சிசின் மூன்றாம் சபையிலும் சேர்ந்தார். 1941 ஏப்ரலில், பயிர்த்தொழிலுக்குத் தேவையானவர் என்று ஊராட்சி கேட்டுக்கொண்டதால் வீடு திரும்பினார். நாட்டுக்கு உணவு வேண்டும்; ஆகவே உழவனுக்குச் சில காலம் விலக்கு. ஏறத்தாழ இரண்டாண்டுகள் அந்த நிலமே அவரைக் காத்தது. ஆனால் பாசறையில் கண்டவை போதுமானவையாக இருந்தன. இனி அழைத்தால் போவதில்லை என்று முடிவெடுத்தார். லின்ஸ் ஆயர் யோசேப் ஃபிளீசரைக் கண்டு தம் ஐயங்களை எடுத்துரைத்தார். குடும்பத் தலைவனின் கடமையை ஆயர் நினைவூட்டினார்.

நானும் உழவர் குடியில் பிறந்தவன். விதைப்புக் காலத்தில் வீட்டு ஆண்மகன் இல்லாவிட்டால் என்னவாகும் என்பது எனக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவருக்கு நான் தாய்மாமனாக இருந்திருந்தால், ஆயர் சொன்னதையே நானும் சொல்லியிருப்பேன்: மூன்று பெண் குழந்தைகள், மூத்தவளுக்கு ஆறு வயது கூட நிறையவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு ஓரமாக இருந்துகொள். உறவினர்களும் நண்பர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஃப்ரான்சிஸ்காவும் முதலில் தடுக்கப் பார்த்தார். எல்லாரும் அவரைக் கைவிட்ட நிலையில், நானும் துணை நிற்காவிட்டால் அவருக்கு யார் இருப்பார் என்று எண்ணியே உடன்பட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

மாமியார் ரோசாலியா உடன்படவே இல்லை. அவளைக் குறைசொல்ல எனக்கு நாவெழவில்லை. அவள் பிள்ளையைப் பெற்றளித்தவனை ஒரு போர் விழுங்கியது. பெயர் கொடுத்த கணவன் மண்ணுக்குள் போனான். இப்போது மகன், போருக்குப் போகமாட்டேன் என்று சொல்லியே சாகப்போகிறான். பாக்மாயர் போய் மடிந்தார்; அவர் மகன் போகாமல் மடிந்தான். அந்தத் தாய்க்கு இரண்டுக்கும் என்ன வேறுபாடு தெரிந்திருக்கும்? மருமகளின் பக்தியே மகனைக் கெடுத்தது என்று அவள் மனம் கசந்தாள். ஊரும் அவ்வாறே பேசியது.

1943 மார்ச் 1 அன்று என்ஸ் சென்று, ஆயுதம் ஏந்தேன் என்று அறிவித்தார். லின்ஸ் நகரில் உர்சுலைன் கன்னியர் மடமாக இருந்த கட்டடத்தில் இரண்டு திங்கள் சிறை. மே மாதத்தில் பெர்லின். காயமுற்றோருக்குப் பணிபுரிய ஆயத்தமாயிருக்கிறேன் என்று அவர் சொன்னது ஏற்கப்படவில்லை. ஜூலை 6 அன்று மரண தண்டனை விதிக்கப்பட்டது. சில நாட்களில் பங்குப் பொறுப்பிலிருந்த குருவோடு ஃப்ரான்சிஸ்கா பெர்லினுக்கு வந்து சிறிது நேரம் கணவரைக் கண்டார். அதுவே கடைசிச் சந்திப்பு. தமக்கு முன்பே ஃப்ரான்ட்ஸ் ரைனிஷ் என்னும் குரு இதே காரணத்துக்காக உயிர் நீத்தார் என்று சிறைக் குரு சொன்னதைக் கேட்டு அவர் பெரிதும் ஆறுதலடைந்தார். ஆகஸ்டு 9 அன்று பிரண்டன்பர்கில் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அவருடைய சிறைக் கடிதங்கள் அச்சில் வந்துள்ளன. அவற்றில் விசுவாசம் பற்றிய ஆழ்ந்த சிந்தனைகள் உண்டு. என்னைத் தைப்பவை வேறு வரிகள்: வயல் வேலை எப்படி நடக்கிறது, குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்ற விசாரிப்புகள். இறக்கப்போகிறவரின் மனம் பண்ணையை விட்டு அகலவில்லை. அங்கே ஃப்ரான்சிஸ்காவும் மாமியாரும் ஆண்துணையின்றி உழவைத் தாங்கினர்.

போர் முடிந்தபின் அவர்கள் துயரம் முடியவில்லை. படையில் இறந்தோரின் மனைவியருக்குக் கிடைத்த உதவித்தொகை, படையை மறுத்தவரின் மனைவிக்கு முதலில் மறுக்கப்பட்டது, 1950-இல்தான் கிடைத்தது. லின்ஸ் மறைமாவட்டத் தாளில் அவரைப் பற்றி எழுத முயன்றபோது ஆயர் இசைவளிக்கவில்லை. கடமையெனக் கருதிப் போரில் மடிந்த கத்தோலிக்க இளைஞர்களின் பெற்றோர் மனம் புண்படுமே என்று அவர் கருதியிருக்கலாம். மறைமாவட்ட இதழ்களுக்கே உரிய தயக்கம் என்று வாசகர்கள் புன்னகைக்கலாம். அந்தப் பெற்றோரும் உண்மையாகவே இருந்தார்கள் என்பதையும் மறக்கலாகாது.

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் கார்டன் ஜான் 1964-இல் வெளியிட்ட நூலால் உலகம் அவரை அறிந்தது. மறு ஆண்டு, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அவரது சான்றை எடுத்துக்காட்டியவர் பேராயர் தாமஸ் இராபர்ட்ஸ். நமக்கு அந்நியரல்லர், பம்பாய்ப் பேராயராக இருந்து, 1950-இல் இந்தியர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்கும்படி விலகியவர். மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுப்போருக்குச் சட்டங்கள் மனிதநேயத்துடன் இடமளிக்க வேண்டுமென, ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் கொள்கைத் திரட்டு 79-ஆம் பத்தியில் கூறுகிறது. 1997-இல் பெர்லின் நீதிமன்றம் மரண தண்டனைத் தீர்ப்பை நீக்கியது.

முத்திப்பேறு விழாவின்போது ஃப்ரான்சிஸ்காவுக்கு 94 வயது; மகள்மார் உடனிருந்தனர். 2013 மார்ச் 16 அன்று, நூறாண்டு நிறைந்த சில நாட்களில், அவர் இறைவனடி சேர்ந்தார். அந்த மணத்தில் ஆண்மக்கள் இல்லை. ஹைன்ரிக் அன்புடன் அளித்த பெயரைத் தாங்கி அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்ல மகன் இல்லை. ஃப்ரான்ட்சின் திருநாள் மே 21. பிறந்த மறுநாள், ஹூபர் வீட்டுக் குழந்தையாக அவர் திருமுழுக்குப் பெற்ற நாள் அது.