ஓலைப்பெட்டிக்கு என்ன விலை?

ஒருபுறம் கடலும் மறுபுறம் செம்மணல் தேரியும் சூழ்ந்தது எமது பங்கு. இங்குப் பனைமரங்களுக்குக் குறைவில்லை. குருத்து ஞாயிறு நெருங்கும்போது மக்கள் குருத்தோலைகளைக் கோவிலுக்குக் கொண்டுவந்து குவிப்பர். அவற்றைச் சிலுவைகளாகவும் பூக்களாகவும் பின்னித் தருவதில் கைதேர்ந்த ஒரு கைம்பெண் எம் பங்கில் உண்டு. வயது அறுபதை நெருங்கும் அந்த அம்மையார் தம் தாயாரிடம் கற்றது இக்கலை. மூடியோடு கூடிய வண்ணப் பெட்டிகளைப் பின்னி, ஊரில் நடக்கும் திருமணங்களுக்குப் பரிசாகக் கொடுப்பார். பகல் வேலை முடிந்து, திண்ணையில் அமர்ந்து பின்னும் அந்த ஒரு மணி நேரமே தமக்கு ஓய்வு என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இத்துணை அழகிய பொருளை விற்றால் என்ன என்னும் எண்ணம் அவருக்கு எழவில்லை, எமக்கே எழுந்தது. 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு நம் மாநிலத்தில் தடை இருப்பதால், ஓலைப்பெட்டிக்கு நல்ல வரவேற்பு இருக்கும் என்று கணக்கிட்டோம். 2024 நவம்பர் தொடக்கத்தில், நகரத்துக் கடைக்காரர் ஒருவரிடம் பேசி, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இனிப்பு வைத்து விற்க இருநூறு பெட்டிகளுக்கு ஒப்பந்தம் செய்து வந்தோம். ஒரு பெட்டிக்கு 60 ரூபாய். நாட்டுப்புறத்துப் பெண் செய்வதுதானே, இது போதும் என்று விலையையும் யாமே முடிவு செய்துவிட்டோம். செய்கின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. “சாமி சொன்னாச் சரிதான்” என்றார் அவர். அந்தப் பணிவை யாம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

இருநூறு பெட்டிக்கு வேண்டிய ஓலைக்கும் சாயத்துக்கும் ஏனைய செலவுகளுக்கும் 7,000 ரூபாய் தேவைப்பட்டது. தம் கம்மலை அடகு வைத்து அவர் அதைத் திரட்டியதைப் பின்னரே அறிந்தோம்.

வாசகர்களே, ஓலை வேலை அறிந்தவர்க்கு எம் பிழை இதற்குள் விளங்கியிருக்கும். குருத்தோலையை முதலில் வெயிலில் உலர்த்த வேண்டும். பின் ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலத்தில் வாராகக் கிழித்து, கொதிக்கும் சாய நீரில் இட்டு எடுத்து, மறுபடியும் உலர்த்த வேண்டும். பின்னும்போது ஓலை ஒடியாமல் வளைவதற்காக ஈரப்படுத்துவர். ஆகவே முடிந்த பெட்டியும் காய்ந்தாக வேண்டும். இத்தனைக்கும் வேண்டியது வெயில். எம் கடற்கரையிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஈர மரத்தில் ஏறிக் குருத்து வெட்ட அப்போது ஆள் கிடைப்பதும் அரிது; கிடைத்த ஓலைக்கு விலையும் அதிகம்.

அம்மையாரும் அவருடைய மருமகளும் நாற்பது நாள், நாளுக்கு ஆளுக்கு ஆறு மணி நேரம் உழைத்தும் 160 பெட்டிகளே முடிந்தன. அவற்றுள் 45 பெட்டிகளில் பூஞ்சணம் பூத்துவிட்டதென்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். எஞ்சிய 115 பெட்டிகளுக்குக் கிடைத்தது 6,900 ரூபாய். விழா முடிந்த மறுவாரம் அம்மையார் எம் அறை வாயிலில் வந்து நின்றார். குறை ஒன்றும் சொல்லவில்லை. “சாமி, இனி ஓலையைத் தொட மனசு வரல. குருத்து ஞாயிறுக்கு வேற யாரையாச்சும் பாத்துக்கிடுங்க” என்று மட்டும் சொல்லிப் போனார்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. 2025 சனவரியில் அவர் இல்லம் சென்று, பள்ளியில் படிக்கும் பேத்தியின் நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதச் சொன்னோம். ஒரு பெட்டிக்கு ஓலை 20 ரூபாய், சாயம் 6, விறகு 4, போக்குவரத்து 5, ஆக 35. விலை 60 என்றால் மிச்சம் 25. ஒரு பெட்டி பின்ன மூன்று மணி நேரம். எல்லாப் பெட்டியும் விலைபோயிருந்தாலும் மணிக்கு எட்டு ரூபாய்தான் கூலி! 2024-25ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் நூறுநாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் மணிக்கு ஏறத்தாழ 40. அந்தக் கூலியையாவது சேர்த்திருந்தால் ஒரு பெட்டியின் விலை 155 ஆகியிருக்கும். 480 மணி நேரம் உழைத்த இரு பெண்களுக்கு யாம் தேடித் தந்தது 100 ரூபாய் நட்டம்.

ஆண்டுதோறும் மே முதல் நாளில், தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவில், நியாயமான கூலியைப் பற்றி உரையாற்றுகின்றவர் யாம். அந்த நோட்டுப் புத்தகத்தின் முன் எம் தலை தாழ்ந்தது. கம்மலை மீட்கும் பொறுப்பை யாமே ஏற்றோம். அது தருமம் அன்று; கடன்.

இந்த அனுபவத்தை எழுதக் காரணம் உண்டு. தையல், பூவேலை, ஓலைப் பின்னல், மெழுகுவர்த்தி வார்த்தல் என ஏதேனும் ஒரு கைத்திறன் நம் இல்லங்கள் பலவற்றில் இருக்கிறது. அதைத் தொழிலாக்க விரும்புவோர் சிலவற்றை மனத்திற் கொள்வது நலம். பொருளின் செலவோடு தம் நேரத்துக்கும் கூலி சேர்த்து, பழுதாகும் சிலவற்றின் நட்டத்தையும் கூட்டியே விலை சொல்ல வேண்டும். பொழுதுபோக்காகச் செய்ததுதானே என்று தம் நேரத்தை இலவசமாக்குதல் ஆகாது. பருவம் அறிந்து, கோடையிலேயே மூலப்பொருளைச் சேர்த்து உலர்த்தி வைக்க வேண்டும். முதலில் பத்துப் பெட்டி விற்றுப் பார்த்த பின்னரே நூறைப் பற்றிப் பேச வேண்டும். முன்பணம் இன்றிப் பெரிய ஒப்பந்தம் ஏற்கலாகாது. வீட்டுச் செலவும் தொழிற்செலவும் தனித்தனிக் கணக்கில் இருத்தல் வேண்டும். சிறுதொழிலைப் பதிவு செய்யும் ‘உதயம்’ பதிவு 2020 சூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே பதிவு செய்து தருவதாகப் பணம் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை.

இவற்றோடு, எம்மைப் போன்ற நலம் விரும்பிகளுக்கும் ஒரு சொல்: செய்பவரைக் கேளாமல் விலை பேசாதீர்கள்.

அந்த ஆண்டுக் குருத்து ஞாயிறுக்குச் சிலுவை பின்ன அம்மையார் வரவில்லை. யாமும் அழைக்கவில்லை. கோடையில் ஒருநாள் அவ்வழியே சென்றபோது, முற்றத்தில் ஓலை காய்ந்துகொண்டிருந்தது. மருமகளோடு சேர்ந்து சிறிது சிறிதாகப் பின்னத் தொடங்கியிருந்தார். விலை 170 ரூபாய். அதைக் குறைப்பதில்லை என்று பேத்தி உறுதியாகச் சொன்னாள்.

பங்குத் திருவிழாவுக்கு நூறு பெட்டி வேண்டுமென்று யாம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “முப்பதுதான் முடியும் சாமி. பாதிப் பணம் முன்னால தந்திரணும்” என்றார்.

மனம் நிறைந்து எண்ணிக் கொடுத்தோம்.