புத்தூர் கட்டும் பெரியம்மாவின் இடுப்பும்

காஞ்சிபுரம் பக்கம் யாருக்காவது கை, கால் முறிஞ்சா முதல்ல வாயில வர்ற பேரு புத்தூர். அரக்கோணம், திருத்தணி, நகரி தாண்டினா ஆந்திராவுல இருக்கு. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி, இவ்வளவுதான் கட்டு. இன்னைக்கு 'புத்தூர் கட்டு' போர்டு இல்லாத ஊரே கம்மி. எல்லாரும் அங்க கத்துக்கிட்டவங்களான்னு போர்டு சொல்லாது.

எலும்பு விலகாம விரிசல் மட்டும் விட்டிருந்தா, அசையாம வச்சாலே கூடிடும். அப்படிக் கூடினதைப் பார்த்த ஜனங்க நம்புறதுல ஆச்சரியம் இல்ல.

ஆனா பெரியம்மாவுக்கு உடைஞ்சது இடுப்பு. மார்கழியில கோலம் போடப்போய் வழுக்கி விழுந்தாங்க. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமா திரும்பிக் கிடந்தது. வயசு எழுபது தாண்டிடுச்சு.

"புத்தூருக்கே கூட்டிகினு போலாம்டா, கத்தி வெச்சா எழுந்திருக்கவே மாட்டாங்க"ன்னு அண்ணன் வேன் பேசிட்டாரு. நான் 108-க்கு போன் போட்டேன். வாசல்லயே சண்டை.

அரசு மருத்துவமனை டாக்டர் எக்ஸ்ரேவைக் காட்டி பொறுமையா சொன்னாரு. இந்த இடத்துல உடைஞ்சா வெளியில போடற கட்டு எலும்பைப் பிடிக்காது. மாசக்கணக்குல படுத்தா படுக்கைப்புண், நிமோனியா, கால்ல ரத்தக்கட்டின்னு ஒண்ணொண்ணா வரும். வயசானவங்க உயிர் போறது பெரும்பாலும் அதுலதான். அண்ணன் அப்புறம் பேசல.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு உண்டு. ஊர்ல வயசானவங்க இருந்தா, அட்டை எங்க இருக்குன்னு இன்னைக்கே போன்ல கேட்டு வைங்க. எங்க வீட்டுல ஜரிகைப் பெட்டிக்கு அடியில இருந்தது, அரைநாள் தேடினோம்.

மூணாம் நாள் ஆபரேஷன். மறுநாளே வாக்கர் பிடிச்சு நிக்க வச்சுட்டாங்க. வீட்டுக்கு வந்தப்புறம், 2021-ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிசியோதெரபி சொல்லிக்குடுக்க ஒரு பொண்ணு வீட்டுக்கே வந்தது.

தரையில சம்மணம் போடக்கூடாது, குந்தக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. குழித்தறியில இறங்கறது முடிஞ்சுபோச்சு. கோர்வைப் புடவைக்கு இன்னொரு ஆள் பக்கத்துல உட்கார்ந்தாதான் ஆகும். நாப்பது வருஷமா பெரியப்பா பக்கத்துல உட்கார்ந்தது அவங்கதான்.

பாதி நெய்த பாவு அப்படியே நிக்குது. பெரியம்மா நாற்காலியில உட்கார்ந்து தார் சுத்திக்கிட்டே, எந்த ஆளைக் கூப்பிடலாம்னு பெரியப்பாகிட்ட பேரு சொல்லிக்கிட்டிருக்காங்க. அவரு ஒவ்வொருத்தரையும் வேணாங்கறாரு.