சிம்மக்கல் பாக்கி

கொடைக்கானல் ரோடைத் தாண்டி ரயில் சோழவந்தானை நெருங்கும்போது பூமியின் நிறமே மாறிவிடுகிறது. அதுவரை கரடும் கள்ளியுமாயிருந்த சீமை, நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாகக் குளிர்கிறது. மேற்கே அரபிக் கடலை நோக்கி ஓடிய பெரியாற்றை அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்து, 1895-ம் வருஷத்தில் வைகைப் பக்கம் திருப்பிவிட்டதன் பலன் இது. அந்த வயல்களைக் கண்டவுடனே நமக்கு இட்டிலியின் ஞாபகம் வந்துவிட்டது என்றால் நேயர்கள் சிரிக்கக் கூடாது.

இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் நாம் மதுரையில் கலாசாலை மாணவர். கோரிப்பாளையத்திலிருந்து 1889-ல் கட்டிய ஏ.வி. பாலத்தின் வழியாக வைகையைக் கடந்தால் சிம்மக்கல். அங்கே ஒரு சந்தில் ஓர் அம்மாள் இட்டிலிக் கடை வைத்திருந்தார். பெயர்ப் பலகை கிடையாது. இரண்டு பெஞ்சிகளும் ஓர் அடுப்புந்தான். மதுரையைத் தூங்கா நகரம் என்பார்கள். இரவு பதினொரு மணிக்குப் போனாலும் துணியில் வார்த்த இட்டிலி ஆவி பறக்க இலையில் விழும். சட்னி மூன்று விதம்; சாம்பார் கேட்கக் கேட்க.

மாணவர்களுக்கு அங்கே பற்று உண்டு. கணக்கு, சுவரில் இழுத்த கரிக்கோடு. கடைசி மாதம் நம் பெயரில் நின்ற பாக்கி நூற்று எண்பத்தாறு ரூபாய். பரீட்சை முடிந்த இரவில் சொல்லாமல் ரயிலேறினோம். உத்தியோகம் கிடைத்ததும் அனுப்பலாமென்று நினைத்தோம்; பிறகு வெட்கம் தடுத்தது. வருஷந்தோறும் வகுப்பில் நேர்மையைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்தக் கரிக்கோடுகள் கண்முன் வந்து நிற்கும்.

இவ்வருஷம் புதல்வனை மதுரையில் படிக்க வைக்க வேண்டியிருந்தது. இனித் தப்ப வழியில்லை. அவனையும் அழைத்துக்கொண்டு போனோம்.

கடை இருந்தது, அம்மாள் இல்லை. அன்று டம்ளர் கழுவிய சிறுவன், இன்று தலை நரைக்கத் தொடங்கிய முதலாளி. பெஞ்சியில் மூட்டை தூக்குகிறவர் ஒருவரும் கறுப்புக் கோட்டு வக்கீல் ஒருவரும் தோளோடு தோள் இடித்து உண்டுகொண்டிருந்தார்கள். முன்னொரு காலத்தில் சென்னை ராஜதானியின் ஹோட்டல்கள் பலவற்றில் ஜாதிக்கோர் இடம் இருந்தது. 1939 ஜூலை 8-ந் தேதி வைத்தியநாதையர், ஒதுக்கப்பட்டிருந்த அன்பர்களை மீனாட்சியம்மன் ஆலயத்துக்குள் அழைத்துச் சென்ற ஊர் இது. 1950-ல் வந்த அரசியல் சாசனம் உணவுச்சாலைகளையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அந்தச் சரித்திரமெல்லாம் இந்தப் பெஞ்சியில் சத்தமின்றி உட்கார்ந்திருந்தது.

இட்டிலி வந்தது. பழைய ருசி இல்லையே என்று தோன்றிற்று. ஆட்டுக்கல் போய் மின்சார யந்திரம் வந்ததனால் இருக்கலாமென்று எண்ணினோம். ஆனால் பக்கத்தில் புதல்வன் ஏழாவது இட்டிலியைக் கேட்டுக்கொண்டிருந்தான். குறைந்தது ருசியல்ல, நம் பசிதான் என்று விளங்கியது.

கை கழுவிவிட்டு விஷயத்தைச் சொல்லி, ஆயிரம் ரூபாயை நீட்டினோம். அவர் வாங்கவில்லை.

"அண்ணே, பாக்கி வச்சிட்டு வராம போன பிள்ளைகளைப் பத்தி அம்மா என்ன சொல்லும் தெரியுமா? 'அவனுக்கு வேலை கிடைச்சிருச்சுடா. கிடைக்காதவன்தான் தெனம் வருவான்'னு சொல்லிச் சிரிக்கும். இதை வாங்கினா அம்மா கணக்குத் தப்பாயிரும்."

பிறகு புதல்வனைப் பார்த்து, "தம்பி, மாசக் கடைசியில காசு இல்லேன்னா கூச்சப்படாம வாங்க. ஆனா சொல்லாம மட்டும் போயிராதீங்க" என்றார்.

பாலத்தின் மீது திரும்பி நடக்கையில் வைகையில் நீரில்லை; மணல்தான் நிலவில் வெளுத்துக் கிடந்தது. "எவ்வளவு பாக்கி அப்பா?" என்று பையன் மெல்லக் கேட்டான். சொன்னோம். அவன் சிரித்தான், நமக்குச் சிரிப்பு வரவில்லை.

கடன் இன்னும் தீரவில்லை. ஆகையால் அடுத்த மாதமும் மதுரைக்குப் போகவேண்டியிருக்கிறது.